இருமும் வரை குறைப்பவர்

நான் அவரை முதன்முதலாகப் பார்த்தபோது கால்கள் மட்டும்தான் தெரிந்தன. கறுப்பு ஷூ, கருநீலப் பேண்ட். மற்றதெல்லாம் என் கேன்டீன் அடுப்புக்கு அடியில் இருந்தது. கேஸ் கம்பெனியில் இருந்து ஆளை அனுப்பியிருக்கிறார்கள் போல என்று நினைத்துக்கொண்டு கரண்டியோடு ஓரமாக நின்றேன். யாரென்று கேட்க வாய் வரவில்லை. எனக்கு எப்போதும் அப்படித்தான். பஸ்ஸில் என் நிறுத்தம் வந்தும் கண்டக்டர் விசில் அடிக்காவிட்டால், அடுத்த நிறுத்தத்தில் இறங்கித் திரும்பி நடந்து வருகிற ஆள் நான்.

"ஏம்மா, உங்க பாத்திரமெல்லாம் ஏன் இப்படிக் கரி புடிச்சிருக்குது?" என்று அடியிலிருந்து ஒரு பொம்பளைக் குரல் வந்தது.

"தெரியலீங்க."

"நெருப்பு மஞ்சளா எரியுது பாத்தீங்களா? கேஸு அதிகம், காத்து கம்மி. தின்ன முடியாம துப்புது. அந்தத் துப்பல்தான் கரி."

சொல்லிக்கொண்டே பர்னர் குழாயின் கழுத்தில் இருந்த வளையத்தைத் திருகினார். மஞ்சள் சுருங்கி நீலமானது. அவர் விடவில்லை, இன்னும் திருகினார். நெருப்பு பர்னரை விட்டு எகிறி 'பக் பக்' என்றது.

"இருமுது. இப்பக் கொஞ்சம் திருப்பிக் குடுக்கணும்" என்றார். வளையம் ஒரு நூல் அளவு பின்னால் வந்தது. நெருப்பு சத்தமில்லாமல் நீலமாக நின்றது.

அவர் வெளியே வந்து கையைத் துடைத்துக்கொண்டபோதுதான் வெள்ளைச் சட்டையின் தோளில் தங்க நிறக் கோடுகளைப் பார்த்தேன். தலைமுடி பாதிக்கு மேல் நரைத்திருந்தது. எங்கள் விமானப் பள்ளிக்குப் புதிதாக வரப்போகிறார் என்று சொன்ன கேப்டன் அவர்தான். நான் கரண்டியோடு கும்பிட்டேன்.

மொரப்பூருக்குப் பக்கத்தில் மேட்டுக்காட்டில் ஒரு ஓடுபாதை போட்டு, சின்ன விமானங்களை ஓட்டக் கற்றுக்கொடுக்கிற பள்ளி அது. இரண்டு பேரோ நாலு பேரோ உட்காரும் விமானங்கள். அங்கே படிக்க எங்கெங்கிருந்தோ பிள்ளைகள் வருவார்கள். பத்தாவது வரை படித்த நான் அங்கே சமைத்துக்கொண்டிருந்தேன். எல்லாரும் அவரை மேடம் என்றார்கள். வாட்ச்மேன் அண்ணனும் நானும் மட்டும் கேப்டனம்மா என்போம்.

கேன்டீனுக்கும் வகுப்பறைக்கும் நடுவில் ஒரு தகரத் தடுப்புதான். அவர் பாடம் நடத்தினால் எனக்கும் சேர்த்தே நடக்கும். ஆங்கிலத்தில் ஆரம்பிப்பார், யாராவது முழித்தால் தமிழுக்கோ கன்னடத்துக்கோ தாவிவிடுவார். மேலே போகப் போகக் காற்று மெலிந்துபோகும். தரையில் குடித்த அளவுக்கே பெட்ரோல் குடித்தால் எஞ்சின் திணறும், பலம் குறையும். அதனால் விமானி தன் முன்னால் இருக்கிற சிவப்புக் குமிழைப் பிடித்து மெதுவாக வெளியே இழுக்க வேண்டும். இழுக்க இழுக்கப் பெட்ரோல் குறையும். எஞ்சின் முதலில் சுறுசுறுப்பாகும், அப்புறம் இருமும். இருமியதும் குமிழைக் கொஞ்சமாக உள்ளே தள்ளினால், அதுதான் அந்த உயரத்துக்குச் சரியான அளவு. கீழே இறங்கும்போது காற்று மறுபடி கனத்துவிடும். அப்போது சிவப்பையும் உள்ளே தள்ளிக்கொண்டே வரவேண்டும். மறந்துவிட்டால், தரைக்குப் பக்கத்தில் வந்து வேகம் கொடுக்கிற நேரத்தில் எஞ்சின் பட்டினியில் தடுமாறும்.

"எறங்கும்போது?" என்று அவர் கேட்பார்.

"செவப்பு உள்ளே!" என்று பிள்ளைகள் கத்துவார்கள். நானும் பருப்பைக் கடைந்துகொண்டே வாய்க்குள் சொல்லிக்கொள்வேன்.

பெட்ரோலோடு அவர் நிறுத்தியிருந்தால் இதை நான் எழுத வேண்டிய அவசியமே இருந்திருக்காது. அவர் எதைப் பார்த்தாலும் குறைத்துப் பார்ப்பார். நானோ கைநிறையப் போடுகிறவள். வாயால் சொல்ல வராதவர்களுக்கு அதுதான் வழி. ஒருவர் மேல் பிரியம் இருந்தால் இன்னொரு கரண்டி எண்ணெய். யாராவது வாடிய முகத்தோடு வந்தால் தட்டில் இன்னொரு வடை. அவர் தட்டில் நான் சோற்றைக் கவிழ்க்கும் முன்பே "சாக்கு, சாக்கு" என்று கையை விரித்து மறைப்பார். கன்னடத்தில் போதும் என்று அர்த்தம். எங்கள் பக்கம் அது எல்லாருக்கும் தெரிந்த வார்த்தைதான், இருந்தும் நான் கேட்காத மாதிரி அந்த விரல்களுக்கு நடுவிலேயே போட்டுவிடுவேன்.

ஒரு நாள் சாம்பாரை ருசி பார்த்துவிட்டு, "நாளைக்கி உப்பு ஒரு சிட்டிகை கொறைங்க" என்றார்.

"யாராச்சும் கேட்டாங்கன்னாங்க?"

"கேக்கட்டும். கேக்கற வரைக்கும் தெனம் கொறைங்க."

குறைத்தேன். மறுநாளும் குறைத்தேன். ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை. எனக்கே வாயில் வைக்க முடியாத ஒரு மத்தியானத்தில் வாட்ச்மேன் அண்ணன் தட்டோடு வந்து நின்றார்.

"தங்கச்சி, இது சாம்பாரா, இல்ல பருப்பு கழுவுன தண்ணியா? பிளேனுக்கு ஊத்த வெச்சத எனக்கு ஊத்திட்டியா?"

நான் ஓடிப்போய் வகுப்பறை வாசலில் நின்றேன். "கேப்டனம்மா, வாட்ச்மேன் அண்ணன் இருமிட்டாருங்க."

அவர் சாக்கட்டியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். என் வாழ்க்கையில் நான் சொல்லி ஒருவர் அப்படிச் சிரித்தது அதுதான் முதல் தடவை. "அப்ப ஒரு சிட்டிகை திருப்பிக் குடுத்துருங்க" என்றார். அதற்குப் பிறகு எங்கள் சாம்பார் அந்த அளவிலேயே நின்றுவிட்டது. நன்றாகத்தான் இருந்தது.

தருமபுரியில் அவர் தனியாக வாடகைக்கு இருந்த வீட்டிலும் இதே கதைதான். வந்தபோது இருந்த நாற்காலிகளை ஒவ்வொன்றாக யார் யாருக்கோ கொடுத்துவிட்டார். கேன்டீனில் நான் உட்கார்ந்து வெங்காயம் உரிக்கிற நாற்காலி அவருடையதுதான். ஒரு நாள் மைசூரிலிருந்து அவருடைய தங்கையும் தங்கை வீட்டுக்காரரும் வந்திருக்கிறார்கள். அந்த மனிதர் சன்னல் கட்டையில் ஏறி உட்கார்ந்து காப்பி குடித்திருக்கிறார். அடுத்த காரிமங்கலம் சந்தையன்று கேப்டனம்மா பள்ளி வாசலில் பஸ்ஸிலிருந்து ஒரு பிளாஸ்டிக் நாற்காலியோடு இறங்கினார்.

"என்னங்கம்மா இது?" என்று கேட்டார் வாட்ச்மேன் அண்ணன்.

"வூடு இருமிருச்சுங்க."

பிடிக்காதவர்கள் அவரைக் கஞ்சம் என்றார்கள். கஞ்சர்கள் எதையும் திருப்பிக் கொடுப்பதில்லை. இவர் ஒவ்வொரு முறையும் திருப்பிக் கொடுத்தார், கொஞ்சமாக.

மேடைப் பேச்சையும் அவர் விட்டுவைக்க மாட்டார். எங்கள் முதலாளிக்கு மைக் கிடைத்தால் போதும், ஆகாயம், தேசம், இளைய சமுதாயம் என்று போய்க்கொண்டே இருப்பார். முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும் கேப்டனம்மா கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் சேர்த்து, கண்ணுக்குத் தெரியாத குமிழ் ஒன்றைப் பிடித்து மெதுவாகத் தன் பக்கம் இழுப்பார். பின்னால் இருக்கிற பிள்ளைகளுக்குச் சிரிப்பை அடக்க முடியாது. முதலாளிக்கும் அது தெரியும். இழுக்க இழுக்க அவர் பேச்சு தடுமாறி, ஒரு இடத்தில் நிஜமாகவே இருமி, தண்ணீர் கேட்பார். உடனே இவர் விரல்கள் ஒரு நூல் முன்னால் போகும். நன்றி சொல்லி முடிக்க அந்த அளவு போதும்.

ஒரு முறை மாணவன் ஒருவன் இறங்கும்போது சிவப்பை மறந்துவிட்டான். பக்கத்தில் இருந்த கேப்டனம்மா தானே தள்ளிவிட்டார். கீழே வந்து திட்டவில்லை. அன்று முழுக்கக் கேன்டீனுக்கு வருகிறவர்களுக்கு அவன்தான் தண்ணீர் ஊற்ற வேண்டும், டம்ளருக்கு ஒரு தடவை "செவப்பு உள்ளே" என்று சொல்ல வேண்டும் என்றார். சாயங்காலத்துக்குள் பையன் நொந்துபோய்விட்டான்.

"நீங்க மறந்ததே இல்லியா மேடம்?" என்று கேட்டுவிட்டான்.

"இல்ல. என்னிக்கு மறக்கறனோ அன்னிக்கி நானே சீட்ட வுட்டு எறங்கிருவேன். யாரும் வந்து சொல்ல வேண்டியதில்ல."

மூலையில் டீ குடித்துக்கொண்டிருந்த முதலாளி தலையை ஆட்டினார். வயதான விமானியை வைத்திருப்பதில் அவருக்கு ஒரு பயம் உண்டு, அதை வெளியே சொல்ல அதைவிடப் பயம். எனக்கு அந்தப் பேச்சே பிடிக்கவில்லை. வீட்டில் ஒற்றை நாற்காலியோடு கேப்டனம்மாவால் இருக்க முடிந்தது, மேலே அவருக்கு ஒரு சீட் இருந்ததால்தான். அதுவும் போனால் அவரிடம் குறைக்க என்ன மிச்சம் இருக்கும்?

ஆயுத பூசைக்கு எங்கள் பள்ளியில் விமானங்களுக்கும் பொட்டு உண்டு. வாட்ச்மேன் அண்ணன் சந்தனத்தைக் கரைத்து முன்பக்க விசிறி முழுக்கப் பூசத் தயாராக நிற்பார்.

"அது சுத்தற வேகத்துக்கு உங்க சந்தனம் மொரப்பூர் ஸ்டேஷன்ல போய் விழும். நடுவுல ஒரு பொட்டு போதும்" என்பார் கேப்டனம்மா. பூசணிக்காயையும் ஓடுபாதைப் பக்கம் கொண்டுவர விடமாட்டார். துண்டு கிடந்தால் விமானத்துக்கு ஆபத்து.

"திருஷ்டி கழியாதுங்களேம்மா."

"கேட்டுக்கு வெளிய கழியட்டுங்க."

பூசை முடிந்ததும் வேலை செய்கிறவர்களை அவர் ஒரு சுற்று மேலே கூட்டிப்போவது வழக்கம். நான் வருடா வருடம் சுண்டலைச் சாக்காக வைத்துத் தப்பித்துவிடுவேன். அந்த வருடம் அவரே உள்ளே வந்து அடுப்பை நிறுத்தினார்.

"சுண்டல் வெந்திருச்சு. வாங்க. உங்க எடை என்ன?"

நான் தரையைப் பார்த்தேன்.

"சொல்லு தங்கச்சி, பிளேனு கிட்ட பொய் சொன்னா சாமி குத்தம்" என்றார் வாட்ச்மேன் அண்ணன். அவரும் வருகிறவர்தான். கேப்டனம்மாவின் காதில் சொன்னேன். புருவத்தை உயர்த்தினார். அன்று மட்டும் அவர் குறைங்க என்று சொல்லவில்லை. என்னை முன்னால், தன் பக்கத்தில் உட்கார வைத்தார். வாட்ச்மேன் அண்ணன் பின்சீட்டில் ஏறியதுமே கண்ணை மூடி முருகனைக் கூப்பிட ஆரம்பித்துவிட்டார்.

ஏறினோம். கொஞ்ச நேரத்தில் காதுக்குள் அடைத்தது, கை சில்லிட்டது. வலது பக்கம் தொப்பூர் மலைப்பாதை தெரிந்தது, அதில் லாரிகள் கடுகு சிந்தின மாதிரி கிடந்தன. கேப்டனம்மா என் கையைத் தட்டி, சிவப்புக் குமிழைக் காட்டினார். மெதுவாக இழுத்தார். சத்தம் மெலிந்தது, கூர்மையானது, பிறகு எஞ்சின் ஒரு தடவை இருமியது. "முருகா!" என்றார் பின்னால் இருந்தவர். ஒரு நூல் உள்ளே போனது. எஞ்சின் என் நீல நெருப்பு மாதிரி நின்றது. இத்தனை நாள் தகரத்துக்கு அந்தப் பக்கம் கேட்ட பாடத்தைக் கண்ணால் பார்த்துவிட்டேன்.

அப்புறம் ரயில் பாதை தெரிந்தது. மொரப்பூர் ஸ்டேஷனை விட்டு ஒரு ரயில் கிளம்பிக்கொண்டிருந்தது. பாதையை ஒட்டியே கண்ணை ஓட்டினேன். மஞ்சள் தண்ணீர்த் தொட்டி. அதற்குப் பக்கத்தில்...

"அதோ எங்க வூடு!"

காதில் மாட்டியிருந்த கருவிக்குள் என் குரல் எனக்கே கேட்டது. யாரோ ஒரு பொம்பளை கத்துகிறாள் என்று நினைத்தேன். அதற்குப் பிறகு என்னால் நிறுத்த முடியவில்லை. "அதுதாங்க நான் படிச்ச பள்ளிக்கூடம், அந்தப் புளியமரத்து வூடு எங்க சித்தியுது, அவங்களுக்கும் எங்களுக்கும் பேச்சு கெடையாதுங்க, அந்தத் தென்னந்தோப்புல..."

"எங்க, எங்க?" கேப்டனம்மாவும் எட்டிப் பார்த்தார். இரண்டு பொம்பளைகள் பஸ் சன்னலில் முண்டுகிற மாதிரிதான். வேகத்தைக் குறைத்து, வட்டமடித்துக்கொண்டே இறங்கினார். வீடு பெரிதாகிக்கொண்டே வந்தது.

"மாடில காயுது பாருங்க, என் பச்சப் பொடவ!"

"அது பொடவயா? நான் கீரப்பாத்தின்னு நெனச்சேன்!"

சிரித்துக்கொண்டே விமானத்தை நேராக்கி வேகம் கொடுத்தார்.

எஞ்சின் இருமியது. மேலே கேட்ட இருமல் இல்லை இது. நெஞ்சு அடைத்தவர் இருமுகிற மாதிரி, ஒன்று, இன்னொன்று, சத்தம் விழுந்தது, முன்பகுதி குலுங்கியது. சிவப்புக் குமிழ் வெளியிலேயே இருந்தது. நான் அதைப் பார்த்த அதே நொடியில் அவர் கை அதை உள்ளே தள்ளியது. எஞ்சின் உறுமிக்கொண்டு எழுந்தது. அவ்வளவுதான். அதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

"மறுபடி கொறச்சுப் பாத்தீங்களாம்மா?" என்றார் வாட்ச்மேன் அண்ணன், கண்ணைத் திறக்காமலே.

கேப்டனம்மா விமானத்தை ஓடுபாதைக்குத் திருப்பி இறக்கினார். எஞ்சினை நிறுத்திவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"நீங்க பாத்தீங்கல்ல?"

"நான் கண்ண மூடிட்டிருந்தேங்க."

"கண்ண மூடிக்கிட்டா பச்சப் பொடவ காமிச்சீங்க?" உதடு மட்டும் சிரித்தது. இறங்கி நேராக முதலாளி அறைக்குப் போனார்.

நான் கேன்டீனில் வந்து நின்றேன். வாழ்க்கையில் ஒரே ஒரு நாள் வாயைத் திறந்து நிறைய பேசினேன். அதில் ஒருவருடைய ஆகாயமே போய்விட்டதே என்று இருந்தது. அறைக்கு டீ கேட்டு ஆள் வந்தது. எடுத்துக்கொண்டு போனேன்.

உள்ளே முதலாளி, சின்ன கேப்டன் என்று நாங்கள் கூப்பிடும் இளம் பயிற்சியாளர், கேப்டனம்மா.

"சொன்ன சொல்லு சொல்லுதான். நாளைக்கி பறக்கறவங்க வரிசைல என் பேரு வேண்டாம்" என்று கேப்டனம்மா சொல்லிக்கொண்டிருந்தார்.

முதலாளி முகத்தைச் சோகமாக வைத்துக்கொண்டு, "கேப்டன், உங்கள மாதிரி ஒருத்தர், இந்த ஆகாயத்துக்கு நீங்க செஞ்ச..." என்று ஆரம்பித்தார். வழக்கமான பேச்சுதான். ஆனால் கேப்டனம்மாவின் விரல்கள் அசையவில்லை. குமிழைப் பிடிக்கவில்லை. மடியில் அப்படியே கிடந்தன. அதைப் பார்த்ததும்தான் எனக்கு நிஜமாகவே பயம் வந்தது.

"அது இருமுச்சுங்க" என்றேன்.

மூன்று பேரும் திரும்பினார்கள்.

"இருமுனா நிறுத்தறதில்லீங்களே. கொஞ்சம் திருப்பிக் குடுக்கறதுதானுங்களே பாடம்?"

"டீய வெச்சிட்டுப் போம்மா" என்றார் முதலாளி.

வைத்தேன். போகவில்லை. "வாட்ச்மேன் அண்ணன் இருமுனப்ப உப்பே போடாதீங்கன்னு இவங்க சொல்லலீங்க, ஒரு சிட்டிகை போடச் சொன்னாங்க. வூடு இருமுனப்ப நாற்காலி வாங்கியாந்தாங்க. நீங்க பேசிப் பேசி இருமுனாலும் நன்றி சொல்ல வுடறாங்க. இவங்களுக்கு மட்டும் என்னாங்க, இருமுன ஒடனே மொத்தமா வெளிய இழுத்துப்போட்டுறதா? இவங்க மறக்கல, நான்தான் வூடு, பொடவன்னு பேச்சுக் குடுத்துட்டேன்."

"அது காரணம் இல்லம்மா" என்றார் கேப்டனம்மா. "பேசுனது நீங்க. கை என்னுது."

பிறகு என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் ஓடிவிடலாமா என்று கதவைப் பார்த்தேன்.

"இந்தம்மாவ இத்தன நாளா யாருங்க இவ்ளோ கொறச்சு வெச்சிருந்தது?" என்றார்.

சின்ன கேப்டன் வாய்விட்டுச் சிரித்துவிட்டார். முதலாளிக்கு மட்டும் யார் இருமினது, எதற்கு நன்றி என்று கடைசி வரை விளங்கவில்லை.

கேப்டனம்மா டீயை எடுத்து ஒரு வாய் குடித்தார். "பொறுப்புல இருந்து எறங்கியாச்சு. அது மாறாது" என்றார். அப்புறம் சின்ன கேப்டனைப் பார்த்து, "சனிக்கெழமல உங்க பக்கத்து சீட்டு காலியா இருக்குமா?" என்றார்.

"உங்களுக்குன்னா காலிதான் மேடம்."

"ஓட்ட மாட்டேன். சும்மா 'எறங்கும்போது?'ன்னு கேட்டுக்கிட்டு வருவேன்." கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் தூக்கி, நடுவில் ஒரு நூல் இடைவெளி காட்டினார். "இவ்ளோதான்."

அப்படியே நடந்தது. மற்ற நாட்களில் வகுப்பறை, சனிக்கிழமைகளில் பக்கத்து சீட். எங்கள் கூரைக்கு மேலே விமானம் இறங்கும்போது உள்ளே அவர் கேள்வி கேட்பதும் சின்ன கேப்டன் கத்துவதும் எனக்குக் கேட்கிற மாதிரியே இருக்கும். கேட்க முடியாதுதான். இருந்தாலும் கரண்டியை நிறுத்திவிட்டுக் காத்திருப்பேன்.

பிறகு அவர் மைசூருக்குத் தங்கை வீட்டோடு போய்விட்டார். மிச்சமிருந்த சாமான்களையும் எங்களுக்கே கொடுத்தார். சந்தையில் வாங்கிய நாற்காலியை மட்டும் பஸ்ஸில் ஏற்றிக்கொண்டார்.

இப்போதும் ஞாயிற்றுக்கிழமைகளில் வீடியோவில் கூப்பிடுவார். "என்னம்மா சமையல்?" என்பார். அவ்வளவுதான் அவர் பேச்சு. நான் சாம்பாரில் ஆரம்பிப்பேன். அங்கிருந்து வாட்ச்மேன் அண்ணன் மகள் கல்யாணம், பந்தியில் யார் யாருக்குப் பாயசம் வரவில்லை, புளியமரத்து வீட்டுச் சித்தி திடீரென்று எங்களோடு பேச ஆரம்பித்தது, அதற்கு என்ன காரணம் என்று நான் நினைப்பது, அதை மறுத்து என் வீட்டுக்காரர் சொல்வது என்று போகும். திரையின் ஓரத்தில் இரண்டு விரல்கள் எழும்பும். எதையோ பிடித்து மெதுவாகத் தன் பக்கம் இழுக்கும். நான் பேச்சை நிறுத்தி உதட்டைக் கடித்துக்கொள்வேன்.

அவர் என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்ப்பார். பிறகு அந்த விரல்கள் ஒரு நூல் முன்னால் வரும்.